கல்லங்குறிச்சி பக்கம் பழைய சுண்ணாம்புக் குழியில ஒரு தளம், முழுக்க ஓட்டை, மேல சிப்பி ஒட்டியிருக்கு. இது என்னங்க?

கரிசல்காட்டான்:
எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊரு அரியலூர் பக்கம், வேலை திருச்சியில. போன ஞாயித்துக்கிழமை சித்தப்பா கூட ஆட்டைத் தேடிக்கிட்டு ஒரு பழைய சுண்ணாம்புக் குழிக்குள்ள இறங்கினோம், வேலை நின்னு பல வருஷமான குழி அது, எப்பவும் தண்ணி நிக்கும், இந்த வெயிலுக்கு வத்தி அடித்தரை வெளிய வந்திருக்கு. அதுல ஒரு மூலையில பத்தடிக்குப் பதினஞ்சடி இருக்கும், வீட்டுத் தளம் மாதிரி மட்டமா ஒரு பாறை. கீழ இருக்கற கல்லு வெளிர் மஞ்சள், இந்த மேல்பரப்பு மட்டும் துரு ஏறின மாதிரி பழுப்பு. கட்டைவிரல் போற அளவுக்கு வட்ட வட்டமா ஓட்டை, நான் எண்ணின ஒரு சதுர அடியிலயே பதினொண்ணு. நடுநடுவுல சிப்பி, கோந்து போட்டு ஒட்டின மாதிரி பாறையோட பாறையா. சித்தப்பா வெடி வைக்க டிரில் போட்ட ஓட்டைங்கறார், ஆனா குச்சி விட்டுப் பார்த்தா ரெண்டு இஞ்சுக்கு மேல எதுவும் போகல. ஊர்ல இதுங்களைக் கிளிஞ்சல்னு சொல்லிட்டுத் தாண்டிப் போயிருவோம், சின்ன வயசுல இருந்து பார்க்கறதுதான், ஆனா இப்படி ஒரு தரையா பார்த்ததில்ல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

விடிவெள்ளி:
அண்ணா டைனோசர் முட்டை இருந்த இடமா இருக்குமோ? முட்டை விழுந்து குழி ஆகியிருக்கலாம். அரியலூர்ல முட்டை கிடைச்சதுன்னு நியூஸ்ல பார்த்திருக்கேன்.

பாறைப்பித்தன்:
கரிசல்காட்டான் அண்ணா, நான் ஜியாலஜி படிச்சவன், எம்.எஸ்சி. பீல்டு ஒர்க் உங்க ஊர்லதான் பண்ணேன். பதில் சொல்றதுக்கு முன்னாடி மூணு விஷயம் பார்த்துச் சொல்லுங்க. ஒண்ணு, ஓட்டையோட சுவர்ல பழைய சிப்பித் துண்டு எதாவது குறுக்க வெட்டுப்பட்டுத் தெரியுதா, இல்ல சிப்பி ஓரமா ஒதுங்கி இருக்கா. ரெண்டு, ஓட்டை வாய் சின்னதா உள்ள அகலமா இருக்கா, இல்ல ஒரே அகலமா. மூணு, ஒட்டியிருக்கற சிப்பி ஏதாவது ஒரு ஓட்டையோட வாயை மூடி உக்காந்திருக்கா. எதையும் பேத்து எடுக்காதீங்க அண்ணா ப்ளீஸ், பார்த்து போட்டோ மட்டும்.

விடிவெள்ளி தம்பிக்கு: 2020 அக்டோபர்ல பெரம்பலூர் குன்னம் பக்கம் டைனோசர் முட்டைன்னு பரவினது, பார்த்தா அம்மோனைட்டைச் சுத்தி சேறு உருண்டையா இறுகினது. அம்மோனைட்னா கணவாய், ஆக்டோபஸ் வகையறா, சுருள் ஓடு உள்ள கடல் உயிரி. வட்டமா இருக்கறதெல்லாம் முட்டை இல்லப்பா, ஆனா நீ கேட்டது நல்லதுதான், நிறைய பேருக்கு இந்த சந்தேகம் இருக்கு.

கரிசல்காட்டான்:
தம்பி, இன்னைக்குக் காலையில சித்தப்பா பையன் போய் டார்ச் அடிச்சு போட்டோ எடுத்து அனுப்பினான். ஓட்டை வாய் சின்னது, உள்ள போனா வயிறு மாதிரி உப்பி இருக்கு, ஜாடி மாதிரி. ஒரு ஓட்டைச் சுவர்ல தடிச்ச சிப்பி ஒண்ணு கத்தியால நறுக்கின மாதிரி பாதியில வெட்டி நிக்குது. ஒரு இடத்துல ஒட்டின சிப்பி ரெண்டு ஓட்டையை மூடி உக்காந்திருக்கு, பக்கத்துல இன்னொரு ஓட்டை அந்த சிப்பியையே தொளைச்சுக்கிட்டு கீழ போயிருக்கு. நீங்க கேட்டது மூணுமே இருக்கு!

பாறைப்பித்தன்:
அண்ணா இது ரொம்ப நல்ல இடம். எழுதறேன், கொஞ்சம் நீளமாப் போகும்.

நீங்க நின்னது ஏறக்குறைய 7 கோடி வருஷத்துக்கு முந்தின கடலோட தரை. கல்லங்குறிச்சி சுண்ணாம்புக்கல்னே அந்தப் பாறை அடுக்குக்குப் பேரு, உங்க ஊர் பேர்லதான் உலகம் பூரா பேப்பர்ல எழுதறாங்க. தெற்குக் கண்டங்கள் ஒண்ணா இருந்த கோண்டுவானா உடைஞ்சு இந்தியா அண்டார்டிகாவை விட்டுப் பிரிஞ்சப்ப கிழக்குக் கரை ஓரம் நிலம் பிளந்து இறங்குச்சு, அந்தப் பள்ளம்தான் காவிரிப் படுகை, அதுக்குள்ள கடல் ஏறி ஏறி இறங்கினதோட மிச்சம்தான் அரியலூர், பெரம்பலூர், லால்குடி வட்டாரத்துல இருக்கற இந்த அடுக்கெல்லாம். அப்ப இந்தியா ஒரு தீவு, பூமத்திய ரேகைக்குத் தெற்க கிடந்துச்சு.

சாதாரணமா கடல் தரைன்னா சேறோ மணலோதான், காலை வச்சா புதையும். புழு, நண்டு எல்லாம் அதுல வளை தோண்டும், தோண்டறப்ப செத்த சிப்பி குறுக்க இருந்தா ஒதுக்கி விட்டுட்டுப் போகும், வளையோட ஓரம் மசமசன்னு இருக்கும். உங்க தரையில சிப்பி வெட்டுப்பட்டு நிக்குதுல்ல, அப்படின்னா ஓட்டை போட்டப்பவே அது கல்லு. சேத்துல கிடக்கற சிப்பியை வெட்ட முடியாது, அது நகர்ந்துடும். கல்லோட கல்லா இறுகிக் கிடந்தாத்தான் தொளைக்கறவன் கல்லையும் சிப்பியையும் ஒரே வீச்சுல வெட்டுவான். ஜாடி மாதிரி ஓட்டை போட்டது கல்லைத் தொளைக்கிற ஒரு வகை சிப்பி. குஞ்சா இருக்கறப்ப சின்ன வாய் போட்டு உள்ள போகும், உள்ளயே வளரும், வளர வளர அறையைப் பெருசாக்கும், கடைசில வாயை விட உடம்பு பெருசாயிடும், அப்புறம் வெளிய வரவே முடியாது, அங்கயே வாழ்ந்து அங்கயே சாகும். இந்த ஓட்டை வடிவத்துக்கு காஸ்ட்ரோகீனோலைட்ஸ்னு பேரு. ஓட்டைக்குள்ள கவனமாப் பார்த்தா சிலதுல அந்த சிப்பியோட அச்சு இன்னும் இருக்கும்.

கடல் அடியில, தண்ணிக்குக் கீழயே, சேறு இறுகிக் கல்லாகி அப்படியே வெளிய தெரிஞ்சுக்கிட்டு இருந்தா அதை ஹார்ட்கிரவுண்டுன்னு சொல்றோம், தமிழ்ல கடினத்தரைன்னு வச்சுக்கலாம். இது உருவாக மேல புதுசா மண்ணு விழக்கூடாது. அந்த இடைவெளியில கடல்தண்ணி துகள்களுக்கு நடுவுல கால்சைட்டுங்கற சுண்ணாம்புத் தாதுவைப் படிய வச்சு ஒட்டிடும். அப்புறம் தொளைக்கறவன் வருவான், ஒட்டறவன் வருவான், அவன் மேல இன்னொருத்தன் வருவான். அந்தப் பழுப்பு நிறம் இரும்பு, ரொம்ப நாள் மூடாம கிடந்ததோட அடையாளம். உங்க படத்துலயே வரிசை தெரியுது: முதல்ல ஓட்டை, ஓட்டைக்காரன் செத்தப்புறம் அதை மூடி சிப்பி, அந்த சிப்பியையும் தொளைச்சு மறுபடி ஓட்டை. ரெண்டு பாறை அடுக்குக்கு நடுவுல கத்தி முனை கூட நுழையாத ஒரு கோடு, அதுக்குள்ள எத்தனையோ தலைமுறை வாழ்ந்து முடிஞ்சிருக்கு.

கடலோரம்:
பாம்பன்ல இருந்து எழுதறேன். கல்லைத் தொளைக்கிற சிப்பி இன்னைக்கும் எங்க பக்கம் இருக்குங்க. மன்னார் வளைகுடாவுல செத்த பவளத்தை உடைச்சா உள்ள விரல் மாதிரி பழுப்புச் சிப்பி இருக்கும், நீங்க சொல்ற மாதிரியே ஓட்டையோட வாய் சின்னது. ராமேஸ்வரம் கரையில மணலே இறுகிப் பலகை பலகையா கல்லாக் கிடக்கும், பீச்ராக்னு சொல்வாங்க, அது மாதிரிதானா இதுவும்?

பாறைப்பித்தன்:
அண்ணா அருமையான ஒப்பீடு. சிப்பி விஷயத்துல அதே குணம்தான். பீச்ராக் கரையில அலை வந்து போற இடத்துல இறுகறது, மனுஷன் வாழ்நாளுக்குள்ளயே ஆயிடும், இது தண்ணிக்கு அடியில ஆனது, அதான் வித்தியாசம். ஆனா மணல் இவ்வளவு சீக்கிரம் கல்லாகுமான்னு யாராவது சந்தேகப்பட்டா உங்க ஊருக்குத்தான் கூட்டிட்டு வரணும்.

கிரெட்டேசியஸ் காலத்துல, அதாவது இந்தத் தரை உருவான காலத்துல, இது இன்னும் சுலபமா நடந்துச்சு. கடல்தண்ணியில மெக்னீசியத்துக்கும் கால்சியத்துக்கும் உள்ள விகிதம் இன்னைக்கு 5 கிட்ட, அப்ப அதை விட ரொம்பக் குறைச்சல். கடல் நடுவுல எரிமலைத் தொடர்கள் வேகமா புதுத் தரையை உண்டாக்கிக்கிட்டு இருந்துச்சு, அந்தச் சூடான பாறை வழியா ஓடற தண்ணியில இருந்து மெக்னீசியத்தை அது இழுத்துக்கும். மெக்னீசியம் குறைஞ்சா கால்சைட் தடையில்லாமப் படியும். அதனால அந்தக் காலத்தைக் கால்சைட் கடல் காலம்னு சொல்வாங்க.

ஒஹையோ தமிழன்:
நான் சின்சினாட்டியில இருக்கேன், இங்க ரோடு போட மலையை வெட்டின இடமெல்லாம் 45 கோடி வருஷத்துக்கு முந்தின ஆர்டோவிஷியன் கடல்தான். அதுவும் கால்சைட் கடல் காலம்னு இங்க மியூசியத்துல படிச்சேன், கடினத்தரை இங்க ரொம்ப பிரபலம். ஆனா எங்க தரையில இருக்கற ஓட்டை எல்லாம் பென்சில் முனை அளவுக்கு சின்னச் சின்ன நேர் குழாய்தான். ஒட்டியிருக்கறதும் சிப்பி கிடையாது, பிரையோசோவான்னு பாசி மாதிரி படர்ற உயிரியும் எட்ரியோஆஸ்டராய்டுன்னு பட்டன் மேல நட்சத்திரமீனை வரைஞ்ச மாதிரி ஒரு உயிரியும்தான். எட்ரியோஆஸ்டராய்டு இனமே பிற்பாடு அழிஞ்சு போச்சு. உங்க போட்டோவையும் எங்க தரையையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா வீடு ஒண்ணு, குடியிருக்கறவங்க மொத்தமா மாறிட்டாங்க.

பாறைப்பித்தன்:
சரியாச் சொன்னீங்க. அந்த சின்னக் குழாய்க்கு டிரிப்பனைட்ஸ்னு பேரு. பெரிய ஜாடி ஓட்டை, கிரெட்டேசியஸுக்கு முந்தின ஜுராசிக்ல இருந்துதான் சகஜமாகுது. தொளைக்கிற சிப்பி வகைங்க அப்பதான் பெருகினாங்க. ஓட்டையோட வடிவத்தை மட்டும் பார்த்தே இது எந்த யுகத்துத் தரைன்னு ஓரளவு யூகிக்கலாம்.

தேன்மொழி டீச்சர்:
நான் அரியலூர் மாவட்டத்துல எட்டாவது, ஒன்பதாவது பசங்களுக்கு அறிவியல் எடுக்கறேன். ஒரு சந்தேகம். பசங்க எனக்குக் கொண்டு வந்து குடுக்கறது எல்லாமே தடிச்ச சிப்பிதான், உள்ளங்கை அளவு, ஒரு பக்கம் கிண்ணம் மாதிரி. அம்மோனைட் கொண்டு வா கொண்டு வான்னு கேட்டாலும் வர்றதில்ல. அந்தக் கடல்ல சிப்பி மட்டும்தான் இருந்துச்சா?

பாறைப்பித்தன்:
டீச்சர், இது ரொம்ப முக்கியமான கேள்வி. பசங்க கொண்டு வர்றது கிரைஃபியா, எக்ஸோகைரா வகைங்க. அதுங்க ஓடு கால்சைட், அதனால அப்படியே நிக்குது. அம்மோனைட் ஓடும் பெரும்பாலான நத்தை ஓடும் அரகோனைட்டுன்னு இன்னொரு வகை, அது சீக்கிரம் கரைஞ்சு போயிடும், அச்சு மட்டும் மிஞ்சும். கரைஞ்ச அந்தச் சுண்ணாம்பே சுத்தி இருக்கற மண்ணை ஒட்ட வைக்கிற சிமெண்டா மாறும். அதாவது காணாமப் போன ஓடுங்கதான் மிச்ச ஓடுங்களைக் கட்டிப் பிடிச்சிட்டு இருக்கு. சோ நாம பார்க்கறது அந்தக் கடல்ல மிஞ்சினவங்க பட்டியல்தான், இருந்தவங்க பட்டியல் ரொம்பப் பெருசு. இனோசெராமஸ்னு அழிஞ்சு போன பெரிய சிப்பி, ஸ்டிக்மட்டோபைகஸ்னு கூம்பு மாதிரி நிமிர்ந்த கடல் முள்ளெலி, பிரையோசோவா, ஆர்பிடாய்ட்ஸ்னு சின்ன வட்டுங்க, இதெல்லாம் கல்லங்குறிச்சி அடுக்குல கிடைக்கும், பசங்களை லென்ஸ் வச்சுப் பார்க்கச் சொல்லுங்க.

அம்மோனைட் வேணும்னா பெரம்பலூர் மாவட்டத்துல காரைங்கற ஊர் பக்கம் போகணும். செம்மண் ஓடை ஓடையா அரிச்சு நிலாவுல நடக்கற மாதிரி இருக்குமே, அந்த இடம். அது இன்னும் பழசு, 10 கோடி வருஷம் கிட்ட, ஆழமான கடலோட களிமண். பேனா மூடி மாதிரி கிடக்கறது பெலெம்னைட், கணவாயோட சொந்தக்காரன் உடம்புக்குள்ள இருந்த குச்சி, அது கால்சைட், அதான் மழை பெஞ்சா நிறைய வெளிய வருது. சுறாப் பல்லு உண்டு. டால்பின் மாதிரி இருந்த இக்தியோசார் ஊர்வன கூட உண்டு, காரை களிமண்ணும் சேர்ந்த ஊட்டத்தூர் அடுக்குல கிடைச்ச முதுகெலும்பை வச்சு 1879ல லிடெக்கர்ங்கற ஆய்வாளர் இக்தியோசாரஸ் இண்டிகஸ்னு பேர் வச்சார்.

சர்வேயர்67:
வணக்கம். முப்பது வருஷம் சுண்ணாம்பு மைன்ஸ்ல சர்வே பார்த்தவன், ரிட்டயர்டு. தம்பி சொல்றது எல்லாம் சரி, பேத்து எடுக்காதீங்கன்னு சொன்னதை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். ஓடற மைன்ஸ்ல ஒரு பெஞ்சு, அதாவது படி மாதிரி வெட்டின ஒரு அடுக்கு, இன்னைக்குத் தெரியும், நாளைக்கு வெடி, நாளன்னைக்கு டிப்பர்ல ஏறி கிரஷருக்குப் போயிடும். நான் கண்ணால பார்த்திருக்கேன், ஒரு ஆள் கை விரிச்ச அளவுக்கு சிப்பிப் படுகை, ஒரே ஷிப்ட்ல காலி. அதை ஆசைப்பட்டு ஒருத்தன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருந்தா இன்னைக்கு அது இருக்கும். சும்மா விட்டா தூள்தான். இன்னொண்ணும் சொல்றேன், மைன்ஸ் இல்லாம இருந்திருந்தா இந்தத் தரை எதையும் நாம பார்த்திருக்கவே மாட்டோம், மேல ஆளுயரம் கரிசல் மண்ணு. அதை வாரினதாலதான் கடல் தெரிஞ்சுது.

பாறைப்பித்தன்:
ஐயா, உங்க அனுபவத்துக்கு முன்னாடி நான் பேசக் கூடாதுதான், ஆனா இதுல எனக்கு வேற கருத்து. பேத்து எடுத்த சிப்பி வீட்டு ஷோகேஸ்ல வெறும் சிப்பிதான். அது ஓட்டையை மூடி உக்காந்திருந்துச்சு, அது மேல மறுபடி ஓட்டை விழுந்துச்சுங்கறது எடுத்த நிமிஷமே போயிடும். பொருளை விட அது இருந்த இடம் பெருசு ஐயா.

கல்லமேடு எலும்பு கதை தெரிஞ்சிருக்கும். புருகத்காயோசாரஸ்னு 1980கள்ல அறிவிச்ச பிரம்மாண்ட டைனோசர், கால் எலும்பே ரெண்டு மீட்டர் கிட்டன்னாங்க. அது கடல் அடுக்கு கிடையாது, கடல் பின்வாங்கினப்புறம் ஆத்து மணல்ல புதைஞ்சது. அந்த எலும்பு எல்லாம் நம்ம மழையிலயும் வெயில்லயும் நொறுங்கி இன்னைக்கு இல்ல. அப்ப எடுத்த போட்டோங்க 2022லதான் பிரசுரமாச்சு, அதை வச்சுத்தான் இன்னைக்கும் அது எவ்வளவு பெருசுன்னு வாதம் நடக்குது. போட்டோவும் இல்லன்னா பேச்சே இல்ல. பொருள் போனாலும் பதிவு இருந்தா உயிரு இருக்கு.

சர்வேயர்67:
பதிவு வேணும்ங்கறதுல எனக்கும் உனக்கும் சண்டை இல்ல தம்பி. 1862ல பிளான்ஃபோர்டுங்கற ஜியாலஜிஸ்ட் போட்டுக் குடுத்த ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர்ங்கற மூணு பாறைப் பிரிவை வச்சுத்தான் நாங்க கடைசி வரைக்கும் பேசினோம், கம்ப்யூட்டர் கிடையாது, நடந்து போட்ட மேப். ஸ்டோலிச்கான்னு ஒரு ஜியாலஜிஸ்ட் இங்க கிடைச்ச சிப்பி, அம்மோனைட் ஓடுங்களையெல்லாம் வரைஞ்சு எழுதி வச்சிட்டு 1874ல மத்திய ஆசியாப் பயணம் போயிட்டு லடாக் மலை வழியாத் திரும்பறப்ப செத்துப் போனார், வயசு 36. அவர் எழுதினது இருக்கு. சரி, ஒரு சமரசம் சொல்றேன். ஓடற மைன்ஸ்ல வெடி வைக்கப் போற பெஞ்சா இருந்தா முதல்ல அளந்து, போட்டோ எடுத்து, அப்புறம் எடுக்கறதுல தப்பில்ல, அதுவும் மைன்ஸ் மேனேஜர் அனுமதியோட. மேல்மண் கொட்டி வச்சிருக்கற மேட்டுல உதிரியாக் கிடக்கறதை டீச்சர் பசங்களுக்கு எடுத்துக்கட்டும், அதுக்கு ஏற்கனவே இடம் தப்பிப் போச்சு. கரிசல்காட்டான் தம்பி பார்த்தது கைவிட்ட குழி, யாரும் வெடி வைக்கப் போறதில்ல, அங்க கை வைக்க வேண்டாம், நீ சொல்றது சரி.

ஒஹையோ தமிழன்:
இங்க சீசர் க்ரீக்னு ஒரு அணை இருக்கு, தண்ணி வழியற இடத்தைப் பாறையில வெட்டினதுல ஆர்டோவிஷியன் தரை வெளிய வந்துச்சு. மக்கள் போய் பொறுக்கலாம், ஆனா முதல்ல ஆபீஸ்ல இலவசமா பர்மிட் வாங்கணும், சுத்தி, உளி எதுவும் கூடாது, உள்ளங்கைக்குள்ள அடங்கறதை மட்டும்தான் எடுக்கலாம், விக்கக் கூடாது. என் பொண்ணு ஆறு வயசுல அங்க எடுத்த ஒரு கல்லுதான் இன்னைக்கு அவளை பயாலஜி படிக்க வச்சிருக்கு. இந்த மாதிரி ஒரு ஏற்பாடு அரியலூருக்கும் வந்தா எவ்வளவு நல்லா இருக்கும்.

கல்லங்குறிச்சியாள்:
எங்க ஊரைப் பத்தி இவ்வளவு பேசறீங்க, சந்தோஷமா இருக்கு. கலியுகவரதராசப் பெருமாள் கோயில் ஊருங்க இது. எங்க தாத்தா பூஜையில சாளக்கிராமம் வச்சிருந்தார், நேபாளத்துல இருந்து வந்தது, உள்ள சக்கரம் இருக்கும். அதுவும் அம்மோனைட்னு கேள்விப்பட்டேன், உண்மையா?

பாறைப்பித்தன்:
உண்மைங்க. கண்டகி ஆத்துல உருண்டு வர்ற சாளக்கிராமத்துல இருக்கற சக்கரம் அம்மோனைட்டோட சுருள்தான், ஜுராசிக் காலத்துக் கடல், இமயமலையாத் தூக்கினப்ப கூடவே மேல போச்சு. அந்த சந்ததி கிரெட்டேசியஸ் முடிவுல மொத்தமா அத்துப் போச்சு. அதோட மிச்சத்தையும் உங்க மாவட்டத்துலயே பார்க்கலாம், நின்னியூர் பக்கம் இருக்கற சுண்ணாம்புக்கல் அந்தப் பேரழிவுக்கு அப்புறம் வந்த கடல். அதுல அம்மோனைட் கிடையாது, அதோட தூரத்துச் சொந்தம் நாட்டிலஸ் மட்டும் இருக்கு. கல்லங்குறிச்சியில இருந்து பஸ்ல போற தூரத்துக்குள்ள உலகம் ஒரு தடவை முடிஞ்சு மறுபடி ஆரம்பிச்சிருக்கு, இதை எழுதறப்பவே எனக்குச் சிலிர்க்குது.

தேன்மொழி டீச்சர்:
சாத்தனூர் கல்மரத்துக்கு வருஷா வருஷம் பசங்களைக் கூட்டிட்டுப் போறேன், 18 மீட்டர் நீளம்னு சொல்லிட்டு ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துடுவோம். அந்த மரமும் கடல் அடியிலதான் புதைஞ்சது, சுத்தி இருக்கறது கடல் மண்ணுன்னு இந்த வருஷம் சொல்லப் போறேன். கரிசல்காட்டான் சார், அந்தக் குழிக்குப் பசங்களைக் கூட்டிட்டு வரலாமா?

கரிசல்காட்டான்:
டீச்சர், வேண்டாங்க. இறங்கற வழி சரிவு, சுவர் விண்டு விண்டு நிக்குது, மழை வந்தா இருபதடி தண்ணி. எங்க பக்கம் இந்த மாதிரி குழியில குளிக்கப் போய் பிள்ளைங்களைப் பறிகொடுத்த வீடு இருக்கு. நான் இறங்கினதே தப்புன்னு இப்ப தோணுது. அதுக்குப் பதிலா நான் செஞ்சது கேளுங்க.

நேத்து சித்தப்பாவும் நானும் கயித்தைக் கட்டிக்கிட்டு காலையிலயே போனோம். சணல் கயித்தால ஒரு அடிக்கு ஒரு அடி கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்தையும் நேர் மேல இருந்து போட்டோ, ஓரத்துல ஸ்கேல் வச்சு, வடக்கு எந்தப் பக்கம்னு அம்புக்குறி போட்டு எடுத்தேன். மொத்தம் 140 கட்டம். ஓட்டை, ஒட்டின சிப்பி, வெட்டுப்பட்ட சிப்பி மூணையும் தனித்தனியா எண்ணி நோட்டுல எழுதியிருக்கேன். சித்தப்பா முதல்ல டிரில் ஓட்டைன்னு சொன்னவரு, கடைசில அவரே குப்புறப் படுத்து டார்ச் அடிச்சு ஒரு ஓட்டைக்குள்ள சிப்பியோட அச்சு ரெண்டு பக்கமும் முழுசா இருக்கறதைக் கண்டுபிடிச்சார். கட்டம் 87. அதை மட்டும் தனியா நாலு கோணத்துல எடுத்திருக்கேன்.

பாறைப்பித்தன்:
அண்ணா!! அந்த கட்டம் 87 போட்டோவை முதல்ல அனுப்புங்க. குழியோட ஜிபிஎஸ் எண்ணைப் பொதுவுல போட வேண்டாம், எனக்குத் தனியா அனுப்புங்க, எங்க பேராசிரியர்கிட்ட காட்டி முறையா அனுமதி வாங்கி ஒரு டீமா வர்றோம், மழைக்கு முன்னாடி. உங்க நோட்டும் வேணும், எழுதினது நீங்களும் சித்தப்பாவும்னு அதுலயே பேர் போட்டு வைங்க.

சர்வேயர்67:
தம்பி, மட்டம் அளக்கற பழைய லெவல் ஸ்டாஃப் கோல் வீட்டுலதான் இருக்கு. டீம் வர்ற அன்னைக்கு சொல்லு, நானும் வர்றேன். அந்தத் தரை எந்தப் பக்கம் எவ்வளவு சாயுதுன்னு அளந்துட்டா, பக்கத்துக் குழியில எந்த மட்டத்துல அதே தரை தெரியணும்னு கணக்குப் போட்டுச் சொல்லிடலாம்.